நாலு நாள் இருட்டு

2026 மார்ச் 3, செவ்வாய்

கிரகணம். கடையில் ஈ காக்கை இல்லை. லிங்கராஜபுரமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "கிரகணம் விட்டாதான் ஆள் வரும்ண்ணா" என்றாள் பில் போடும் சரசு. நான் அவள் கண்ணெதிரிலேயே இரண்டு பன் தின்றேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்தரைக்கு ஜோசஃபின் மேடம் இறங்கி வந்தார். டெலிபோன் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். கடையும் நானும் கீழே; பதினொரு வருடமாக என் மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறார். அங்கேதான் என் போர்டும் இருக்கிறது: 'அப்பாதுரை லைட்ஸ்'. ஃப்ளைஓவரில் போகிறவன் கண்ணிலும் படும். அந்த வெளிச்சத்தில் வானம் தெரியவில்லையாம். மார்ச் முழுக்க அணைக்க வேண்டுமாம்.

"முப்பத்தொரு நாளா? நான் விக்கிறதே லைட்டு மேடம்."

"சரி, பதினஞ்சு."

"ரெண்டு."

"நாலு. இன்னிக்கு, எட்டு, இருவது, இருவத்தாறு. அதுக்கு மேல பேசாதீங்க மிஸ்டர் அப்பாதுரை."

ஒப்புக்கொண்டேன். அவர் படியேறிப் போன பிறகுதான் உறைத்தது. அவருக்கு வேண்டியதே நாலுதான்! முப்பத்தொன்றில் ஆரம்பித்து இறங்குவது என் வித்தை. அதை எனக்கே விற்றுவிட்டுப் போகிறார்.

ஆறரை தாண்டி மாடிக்குக் கூப்பிட்டார். கிழக்கே கட்டடங்களுக்கு மேல் நிலா, ஓரம் கடிபட்டு ஏறியது. "டேமேஜ் பீஸ்" என்றேன். சிரிக்கவில்லை. சிரிப்பை விழுங்கினார். பார்த்தேன்.

மார்ச் 7, சனி

இருட்டில் அந்த அம்மாள் கால் இடறி விழுந்தால்? மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சென்சார் லைட் மாட்டினேன். ஆள் அசைந்தால் தானே எரியும். ஐம்பது வாட்ஸ், நல்ல சரக்கு. சொல்லவில்லை. பார்த்ததும் அசந்து போவார்.

மார்ச் 8, ஞாயிறு

அசந்துதான் போனார்.

சுக்கிரனும் சனியும் மேற்கே ஒட்டி நிற்கிற நாளாம். பொழுது சாய்ந்து கால் மணி நேரம்தான் கிடைக்கும், அதற்குள் கீழே இறங்கிவிடும். நான் சொன்னபடி போர்டை அணைத்துவிட்டேன். ஆனால் மேடம் டெலஸ்கோப்பில் கை வைக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து பளீர். சுவிட்சைத் தேடி நடந்தால் மறுபடி பளீர்.

கடைக்குள் வந்து நின்றார்.

"மேல என்னத்த மாட்டி வெச்சிருக்கீங்க?"

"கால் தடுக்குமேன்னு..."

"பதினொரு வருஷத்துல ஒரு நாள் தடுக்கல! கண்ணே அவிஞ்சு போச்சு. சனி போயிட்டுது மிஸ்டர்!"

"சனி போனா நல்லதுதானே மேடம்?"

ஏண்டா அப்பாதுரை, அது வாயா? சரசு பில் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

நோட்டீஸ். டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு. முப்பத்தொன்றாம் தேதியோடு காலி செய்கிறார். ஓசூர் தாண்டி தங்கை ஆஞ்சலா வீடு. "அங்க இருட்டு நல்லா இருக்கு" என்றார், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல.

மார்ச் 10

போகட்டும். இந்த வீட்டுக்கு ஆள் கிடைக்காதா? கேட்டில் டு-லெட் அட்டை தொங்கவிட்டாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று சரசு கேட்டாள்: "அந்த போர்டை அணைச்சா என்னாண்ணா ஆவும்? ஜனங்க பகல்லதானே வர்றாங்க."

ஒன்றும் ஆகாது. எனக்கே தெரியும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் கூடையில் பல்பு வைத்து விற்ற நாளில் என் பெயர் தெரிந்த ஒரே ஆள், என்னை விரட்டுகிற போலீஸ்காரர். அந்தப் பெயர் இப்போது ஆள் உயரத்துக்கு எரிகிறது. வெளியே போய்த் திரும்பும்போது, வீட்டுக்கு நேர்வழி இருந்தும் ஃப்ளைஓவர் ஏறிச் சுற்றி வந்து பார்ப்பேன். இதை சரசுவிடம் சொல்ல முடியுமா?

அது சரி, மேடம் போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது? புதிதாக வருகிற பிள்ளைகள் சண்டைகூடப் போட மாட்டார்கள், மெசேஜ் அனுப்புவார்கள்.

மார்ச் 20, வெள்ளி

நேற்று யுகாதி. இன்று பிறை பார்க்கிற நாள். கன்னடக்காரர்களுக்கு யுகாதி நிலா, பாய்மார்களுக்கு ரம்ஜான் நிலா. தெருவில் எல்லா மாடியிலும் தலைகள். மேற்கே பழைய குண்டு பல்பின் இழை மாதிரி பிறை, பக்கத்தில் சுக்கிரன்.

போர்டை அணைத்தேன். சென்சாரைக் காலையிலேயே கழற்றிவிட்டேன். மேலே போனேன். மேடம் டெலஸ்கோப்பை விட்டு ஓரடி தள்ளி நின்றார், அவ்வளவுதான். பார்த்துக்கொள் என்று அர்த்தம். பார்த்தேன்.

மார்ச் 26, வியாழன்

"ஒப்பந்தப்படி நாலாவது நாள்!" என்று மேலிருந்து குரல். பாதி வீட்டை அட்டைப் பெட்டிகளில் கட்டிவிட்டார். உச்சியில் நிலாவும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில். வியாழனுக்கு நாலு நிலா தெரியும் என்றார். எண்ணினேன்.

"மூணுதான் இருக்கு."

"ஒண்ணு பின்னாடி போயிருக்கும்."

"நாலுன்னு சொல்லிட்டு மூணு காட்டினா எப்படி? மிச்சத்தைக் காட்டாம நீங்க எப்படிப் போவீங்க?"

"அது எப்ப வெளிய வருமோ, யாரு கண்டா."

பொய். நிமிடக் கணக்கு வரை தாளில் எழுதி வைக்கிற ஆள் அவர்.

மார்ச் 28, சனி

வீடு பார்க்க வந்தார்கள். வைஷ்ணவி, தருண், புதுத் தம்பதி, இருவருக்கும் ஐ.டி. வேலை. மேடம் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

"டேங்கர் போட்டுக்கலாம் அங்கிள்."

"பல்லி ஜாஸ்தி."

"பழைய வீட்ல எங்களுக்கு எலியே இருந்துச்சு" என்றான் தருண், பெருமையாக.

என்ன பிள்ளைகள் இவர்கள், எதற்கும் அசையவில்லை!

"மாடில லைட்டே கிடையாது. என் போர்டும் இனிமே எரியாது. ஒரே இருட்டு."

"நீங்கதானே அங்கிள் லைட் கடை வெச்சிருக்கீங்க?" என்றாள் வைஷ்ணவி.

"அதான்மா. பகல் பூரா பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு."

"எங்களுக்கு ஓகே. அட்வான்ஸ் இப்பவே..."

"இருங்க, இருங்க. இப்ப இருக்கற அம்மா போறாங்களான்னே இன்னும் முடிவாகல."

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல்: "லெட்டர் குடுத்திருக்கேன் மிஸ்டர் அப்பாதுரை."

"எங்கயோ தொலைஞ்சு போச்சு மேடம்."

"என்கிட்ட காப்பி இருக்கு."

"அதையும் குடுங்க, தொலைச்சிட்றேன்."

வைஷ்ணவி என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், தருணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். புத்திசாலிப் பெண்.

மார்ச் 29, ஞாயிறு

மேடம் சர்ச்சிலிருந்து குருத்தோலையோடு வந்தார். அப்புறம் மேலே பாத்திரச் சத்தம். கட்டுகிற சத்தமா, பிரிக்கிற சத்தமா? ஸ்டூல் போட்டு ஏறிக் கேட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

நேற்றோடு மாதம் முடிந்தது. வேன் வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

சாயங்காலம் மேலிருந்து சத்தம்: "நிலா முழுசா வந்துடுச்சு, இன்னிக்கு வேற எதுவும் தெரியாது. நீங்க போர்டைப் போட்டுக்கோங்க!"

போடவில்லை. மேலே போனேன். ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் அவர். கீழே போய் இன்னொன்றைத் தூக்கி வந்தேன், முட்டி வலிக்க வலிக்க. எழுந்து வரும்போது அதை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மழை வந்தால் நனையும். நனையட்டும்.