இனிக்காத கோதுமை

மே 4

கோதுமையில் கதிர் வந்து முடிந்தது. சோதனையின் மூன்றாவது ஆண்டு, கடைசி ஆண்டும் இதுதான். ஆராய்ச்சி நிலைய இயக்குநர் காதிரோவ் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்தத் தடவை தாஷ்கந்த் குழு வந்து பாத்துக் கையெழுத்துப் போடலைன்னா நிலம் முலாம்பழத்துக்குப் போயிடும், முனவ்வர். என்னால தடுக்க முடியாது."

தடுக்க நினைக்கவும் மாட்டார். முலாம்பழம் அவருக்குப் பிடிக்கும்.

மே 12

எனக்கு வேண்டியது கெட்ட வானிலை. போன ஆண்டு சுடுகாற்று வரவே இல்லை. முந்தின ஆண்டு மணி முற்றிய பிறகு வந்தது, பயனில்லை. கார்ஷி வட்டாரம் முழுக்க அது வரக்கூடாது என்று கையேந்துகிறது. நான் ஒருத்தி மட்டும் — வெளியே சொல்வதில்லை.

இலை சர்க்கரையை அனுப்புகிறது. மணிக்குள் இருக்கும் நொதி அதைக் கோத்து மாவுச்சத்தாக்குகிறது. கடும் சூட்டில் அந்த நொதி கையைக் கட்டிக்கொண்டுவிடும். சர்க்கரை தேங்கும், மணி சுருங்கும். 41-ஆம் எண் வரிசையில் இருப்பது மலைப்பக்கத்துப் பழைய கோதுமையின் நொதி. சோதனைக் குழாயில் சூட்டைத் தாங்குகிறது. குழாய் வயல் இல்லை.

மே 19

வந்துவிட்டது. காலையிலேயே கதவுப்பிடி சுடுகிறது.

வயலும் வாய்க்காலும் நோர்பூத்தா பொறுப்பு. தண்ணீர் பாய்ந்தால் பயிருக்குச் சூடு தணிந்துவிடும், சோதனை கெடும், விடக்கூடாது என்று அவரிடம் மறுபடியும் சொன்னேன்.

"காய்ஞ்சு சாகுதேக்கா."

"சாகட்டும்."

பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மே 21

சோதனை வரிசைகளைக் குழு வரும்வரை யாரும் தொடக்கூடாது. வரப்போரத்தில் நிற்கும் சாதாரண ரகத்தில் ஒரு பால்மணியை மென்றேன். இனித்தது. அங்கே நொதி நின்றுவிட்டது. 41 இனிக்கக்கூடாது. மூன்றாண்டு வேலை அந்த ஒரு ருசியில் நிற்கிறது.

மதியம் தாஷ்கந்துக்குக் கிளம்ப வேண்டும். கூட்டம்.

மே 23

தாஷ்கந்த். செர்ரி வந்துவிட்டது. காற்று இன்னும் நிற்கவில்லை என்று காதிரோவ் போனில் புலம்பினார். நானும் சேர்ந்து புலம்பினேன்.

மே 27

குழுவோடு ஒரே வண்டியில் திரும்பினேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் வைக்கோல் நிறம், எங்கள் வயல் மட்டும் பச்சை.

வாய்க்கால் மேட்டில் நோர்பூத்தா. புதுச் சட்டை, புதுத் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. ஓரமாகக் கூப்பிட்டேன்.

"எப்போ திறந்தீங்க?"

"நீங்க போன அன்னிக்கே. தலைநகர்லேருந்து விருந்தாளி வராங்க. காய்ஞ்ச வயலையா காட்டறது? நாலு பேர் முன்னாடி உங்க மானம் என்னாகும், சொல்லுங்கக்கா."

நன்றியை எதிர்பார்த்து நின்றார்.

குழுத் தலைவர் 41-ஐத் தடவித் தடவிப் பார்த்தார். "இந்தக் காத்துலயும் எப்படி நிக்குது பாருங்க! பிரமாதம், தங்கச்சி. பேனா எங்கப்பா?"

காதிரோவ் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பேசாதே என்று.

"பக்கத்து வரிசை சாதாரண ரகம்," என்றேன். "அதுவும் இப்படித்தான் நிக்குது. தண்ணி பாய்ஞ்சிருக்கு. 41 நல்லதா கெட்டதான்னு இதை வெச்சு சொல்ல முடியாது."

"பயிர் நல்லா இருக்குன்னு வருத்தப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள். பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது.

யார் திறந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் நோர்பூத்தாவைத்தான் பார்த்தார்கள். விருந்துக்குச் சமைத்த பிலாவ் சோறு ஆறிப்போனது.

பேசாமல் இருந்திருக்கலாமா? எவனோ ஒரு விவசாயி இதை நம்பி விதைப்பான். அடுத்த சுடுகாற்றில் அவன் மணி சுருங்கினால்?

மே 28

காதிரோவ்: "பைத்தியமா நீ?" அறுவடை முடிந்ததும் நிலம் முலாம்பழத்துக்குப் போகிறது.

ஜூன் 17

அறுவடை. எல்லா வரிசையும் ஒரே எடை. எதிர்பார்த்ததுதான். நோர்பூத்தா இன்னும் என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 9

வீட்டு வாசலில் நோர்பூத்தா. உட்காரவில்லை. "எங்க வீட்டுத் தோட்டத்துல பாதியை எடுத்துக்கங்க. தண்ணி விடமாட்டேன். யார் வந்தாலும்."

மனைவி ஓய்சுலுவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். கத்திக்கிட்டிருக்கா."

அக்டோபர் 12

விதைத்தோம். ஒரு பக்கம் சாதாரண ரகம், ஒரு பக்கம் 41. வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி ஓய்சுலுவ் சொன்னாள்: "தக்காளி போடற இடத்துல கோதுமை! ஊரே வந்து சிரிக்கட்டும், டீ போட்டுத் தரேன்."

மார்ச் 21

நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு. முளைவிட்ட கோதுமையில் களி கிண்டினார்கள். சர்க்கரை போடாமலே இனிக்கும். மாவுச்சத்து திரும்பச் சர்க்கரையாகும் வழி அது. இன்று எல்லோருக்கும் இனிப்பு வேண்டும். நானும் இரண்டு கரண்டி தின்றேன்.

மே 18

நான்கு நாளாகச் சுடுகாற்று. இன்று பார்த்துத்தான் நோர்பூத்தாவின் மகள் கும்ரியைப் பெண் பார்க்க வந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு நேரே தோட்டம், துடைப்பம் மாதிரி காய்ந்து நிற்கிறது.

பையனின் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, உங்க வாய்க்கால்ல தண்ணி வராதா?"

"வருதுங்க." நோர்பூத்தாவின் காது சிவந்துவிட்டது. "நான்தான் திறக்கல."

"ஏன்?"

"அக்காவோட சோதனை கெட்டுடும்."

அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தேநீர் ஊற்றிய கும்ரிக்குச் சிரிப்பு வந்து, கோப்பை நிரம்பி வழிந்தது. விருந்தாளிகள் முடிவு எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

ஓய்சுலுவ் தட்டுகளை அடுக்கிய சத்தம் தெருவரை கேட்டிருக்கும். "ரெண்டு வாளி ஊத்தியிருந்தா கை ஒடிஞ்சா போயிருக்கும்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். எனக்காகவா அந்த மனிதர் இந்த அவமானத்தைத் தாங்கினார் — தெரியவில்லை.

மே 24

காற்று நின்றது. தோட்டத்துக்குப் போனேன். நோர்பூத்தா பின்னாலேயே வந்தார்.

சாதாரண ரகம்: இனிப்பு.

41: பச்சை மாவு. மறு ஓரத்திலும் பார்த்தேன், நடுவிலும் பார்த்தேன். மாவு.

"இனிக்குதாக்கா?"

"இல்ல."

அவரும் ஒரு மணியை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். தலையாட்டினார்.

ஒரு வீட்டுத் தோட்டம் நிரூபணம் ஆகாது. அதையும் சொன்னேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓய்சுலுவ் திரும்பாமலே, பக்கத்து வீட்டில் பெரிய தோட்டம் சும்மா கிடக்கிறது, கேட்டு வாங்கித் தருகிறேன் என்றாள்.

"அவங்க தண்ணி திறந்துட்டா?" என்று அவளைக் கேட்டேன்.

"நான் பாத்துக்கறேன். பொண்ணு பாக்க வந்தவங்க உக்காந்திருந்தப்பவே நாங்க திறக்கல. இனி யார் வந்தா என்ன?"