நியூக் என்றொரு செல்லப்பெயர்

ஜனவரி 14, திங்கள்

இன்றைக்கும் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு வரிசை. இருப்பது நான்கு, ஓடுவது இரண்டு. கோழி வெட்டும் லைனை முடுக்கத் தெரிந்த ஆலைக்காரனுக்கு ஒரு மைக்ரோவேவைச் சரிபண்ணத் தெரியாது. என் முறை வந்தபோது பின்னாலிருந்து எங்கள் லைனில் மூத்தவள் ட்வைலா கத்தினாள்: "கண்ணு, ஒரு நிமிஷம் நியூக் பண்ணினாப் போதும். இவ்ளோ நேரமா? ஊரையா கொளுத்தப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

நியூக். அணுகுண்டுக்கு இந்த அமெரிக்கர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர். சோற்றைச் சூடாக்கினால் நியூக். ட்வைலாவின் புருஷன் செவ்வெறும்புப் புற்றில் மருந்தை ஊற்றினால் நியூக். ஆலை மேலாளர் போன வாரம் ஷிப்ட் அட்டவணையை "நியூக் பண்ணிட்டேன், புதுசு வரும்" என்றார். அக்கா மகன் கைப்பேசியில் பழைய படங்களை அழித்துவிட்டு அதையே சொல்கிறான். ஒன்பது வயது. பசிபிக் கடலின் மார்ஷல் தீவுக்காரப் பையன், அமெரிக்காவில் ஆர்கன்சாவில் பிறந்தவன். அவன் வாயில் அது மிட்டாய் மாதிரி உருள்கிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா: "ஜோபினா, உன் சோத்த நியூக் பண்ணி வச்சிருக்கேன்டி. ஆறிடப் போகுது."

அம்மா ரோங்கெலாப்பில் பிறந்தவள். எங்கள் தீவுகளில் அணுகுண்டுச் சாம்பல் விழுந்த தீவு. அவளா இதைச் சொல்வது?

"அம்மா, அது என்ன வார்த்தைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமயா? பட்டன அமுக்கினா டிங்னு சத்தம் வரும்." கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

அம்மாவும் அதே ஆலையில்தான், பதினான்கு வருஷமாக அந்தச் சாப்பாட்டு அறையில்தான் ஆங்கிலம் கற்றாள். ட்வைலா போன்றவர்களிடம். வேறு என்ன வரும்?

ஜனவரி 20, ஞாயிறு

சர்ச்சில் எல்லோரும் அம்மாவின் கழுத்துத் துணி அழகாக இருக்கிறது என்றார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்த வரிசையில் மட்டும் இன்னும் மூன்று பெண்களுக்கு அதே இடத்தில் அதே அறுவைத் தழும்பு.

பிப்ரவரி 12, செவ்வாய்

மருத்துவமனை. கழுத்துச் சுரப்பியைப் போன வருஷமே எடுத்தாகிவிட்டது. ஆனால் புற்று முழுதாகப் போகவில்லையாம். மிச்சத்தை அழிக்க ஒரு மாத்திரை. கதிர்வீச்சுள்ள அயோடின். விழுங்கிவிட்டு ஒரு வாரம் தனியாக இருக்க வேண்டும். விட்டால் நுரையீரலுக்குப் போகலாம் என்றார் டாக்டர். "ரொம்பப் பாதுகாப்பான சிகிச்சை" என்று மூன்று தரம் சொன்னார்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாத்திரை குடுக்குற ஆளு என்ன உடுப்பு போட்டிருப்பாரு?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மார்ச் 1, வெள்ளி

தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இன்று எங்கள் தீவுகளில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்த நாள். 1954. நம் ஆட்கள் கூடி ஜெபம் செய்து பெயர்களைப் படிக்கும் நாள். லீவு கேட்டிருந்தேன். "அன்னிக்கு என்ன, ஏதாவது பார்ட்டியா?" என்றாள் ஆபீஸ் பெண். கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். ட்வைலா அம்மாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

"மாத்திர எப்போ, ஹெர்டினா? பயப்படாத. எங்க அக்காவுக்கும் கழுத்த நியூக் பண்ணாங்க. இப்போ பாரு, குதிர மாதிரி இருக்கா. சத்தமும் குதிர மாதிரிதான்."

மேசை முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியாது. ட்வைலாவின் சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டேன். தரை முழுக்க மக்ரோனி. "உங்க ஆளுங்க எங்கம்மாவ ஏற்கெனவே ஒரு தடவ நியூக் பண்ணியாச்சு! ஊரோட, தீவோட! பத்தலையா? இன்னொரு தடவ பண்ணணுமா? அதுல சிரிப்பு வேறயா உனக்கு?"

முதல் தடவையாக ட்வைலாவிடம் குரலை உயர்த்தினேன். அவளுக்கு என் அம்மாவைவிடப் பத்து வயது கூட.

ட்வைலா முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அம்மா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தரையிலிருந்த மக்ரோனியைக் கையால் அள்ள ஆரம்பித்தாள்.

ஒவ்வொன்றாக.

மார்ச் 2, சனி

மேற்பார்வையாளரிடம் ட்வைலா "என் கை பட்டுதான் விழுந்துச்சு" என்றாளாம். அதனால் எனக்கு வேலை இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டுமா? சொல்ல மாட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

அம்மா சர்ச்சிலிருந்து வந்ததும் சொன்னாள்: "மாத்திர வேண்டாம்."

"என்னம்மா சொல்ற?"

"நீதான சொன்ன. ஒரு தடவ ஆச்சுல்ல? போதும்."

என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை.

மார்ச் 11, திங்கள்

மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். தேதி கொடுக்க வேண்டுமாம். அம்மா வேண்டாம் என்கிறாள் என்றதும், "முழுக்கப் பாதுகாப்பானதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். நானும் சொன்னேன். எங்கள் மொழியில். பத்திரம்மா, ஒண்ணும் ஆகாது.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"குண்டு வெடிச்சதும் கூட்டிட்டுப் போன எங்கப்பன் ஆத்தாள, மூணு வருஷம் கழிச்சு பத்திரம்னு சொல்லித்தான் அமெரிக்காக்காரங்க மறுபடி அந்தத் தீவுல எறக்கிவிட்டாங்க. நான் அங்கதான் பொறந்தேன். அந்த மண்ணுல வெளஞ்சதத்தான் தின்னேன். வருஷா வருஷம் கப்பல் வரும். தலையிலேர்ந்து காலு வரைக்கும் மூடிக்கிட்டு ஆளுங்க எறங்குவாங்க. நாங்க வெறுங்காலோட நிப்போம். எங்க மேல ஒரு பெட்டியக் காட்டுவாங்க, அது கிர்ருகிர்ருனு கத்தும். பத்திரம்னு சொல்லி மிட்டாய் குடுப்பாங்க. பத்திரம்னா அவன் ஏன்டி மூடிக்கிட்டு நின்னான்?"

இவ்வளவு நீளமாக அம்மா இதைப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்போ அந்த வார்த்தை… சாப்பாட்டு ரூம்ல சொல்றப்போ…"

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மொத நாளே தெரியும். சொன்னவளுக வேலை சொல்லிக்குடுத்தாளுக, கத்தி தீட்டக் கத்துக்குடுத்தாளுக. வார்த்தைய மட்டும் பிடுங்கி எறிஞ்சிட்டு வேலைய வாங்கிக்க முடியுமா?"

வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று வைத்துக்கொள்கிறேன். அவளுக்கும் எனக்கும்.

மார்ச் 14, வியாழன்

கெஞ்சினேன். கத்தினேன். அக்காவை விட்டுப் பேசச் சொன்னேன். பாஸ்டரைக் கூப்பிட்டேன், அவர் வந்து ஜெபம் செய்து சோறு தின்றுவிட்டுப் போனார். அம்மா அசையவில்லை. இந்த மாசத்துக்குள் தேதி வாங்காவிட்டால் அடுத்து மே மாசம்தானாம்.

அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அம்மா சாகப் போகிறாள். இதற்கு நான் யாரைத் திட்டுவது?

மார்ச் 16, சனி

மத்தியானம் வாசலில் ட்வைலாவின் டிரக். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கதவை மறித்து நின்றேன். அவள் என்னைத் தள்ளவில்லை, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஹெர்டினா, உள்ள வரலாமா?" என்றாள். அம்மா பாயைத் தட்டிப் போட்டாள். அவ்வளவு பெரிய உடம்பைக் கீழே இறக்க ட்வைலா பட்ட பாட்டைப் பார்த்து அக்கா மகள் மெரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரி கண்ணு, சிரி. எந்திரிக்கிறப்போ கிரேன் கொண்டா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க தீவு சமாச்சாரம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் சொல்லித்தரல. இப்போ தேடிப் படிச்சேன். பதினாலு வருஷம் எதுக்க உக்காந்து சாப்பிட்டிருக்கேன், ஒரு தடவ கேட்டதில்ல. வெக்கமா இருக்கு. அத நான் பாத்துக்குறேன், நீங்க ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆனா மாத்திர வேண்டாம்னு சொல்லிட்டியாமே ஹெர்டினா?"

"பத்திரம்னு சொல்ல வந்தியா?" என்றாள் அம்மா.

"பத்திரமா? எவ சொன்னா? அது விஷம். கழுத்துல மிச்சமிருக்குறதக் கொல்லத்தான் குடுக்குறாங்க. எங்கக்காவுக்கு எச்சிலெல்லாம் இரும்பு ருசி. கழுத்து வீங்கிப் போச்சு. தட்டு தனி, துணி தனி. பேரப் புள்ளைய ஜன்னல் வழியாத்தான் பாத்தா. பத்திரம்னு சொன்னவன செருப்பால அடிக்கணும்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் கேட்டேன். "அப்புறம் எதுக்கு நியூக்னு சொல்லிச் சிரிச்சீங்க?"

"அக்கா சொன்னது கண்ணு. கார்ல வழி பூரா நடுங்கிட்டு வந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குறப்போ, 'வாடி, என்ன நியூக் பண்ணப் போறாங்க'ன்னா. அழ முடியாம சொன்னது. எங்க வீட்டுல அது அப்படியே ஒட்டிக்கிச்சு. உங்க வீட்டுல அது எப்படி விழும்னு யோசிக்கல."

அம்மா கேட்டாள்: "மாத்திர குடுத்த ஆளு என்ன போட்டிருந்தான்?"

"கையுறை. மாத்திரைய ஈயக் குப்பிக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். நீட்டிட்டு கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிட்டான்." பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே, "அவன் மட்டும் இல்ல. நானும் ஓடினேன்" என்றாள்.

"கூடப் பொறந்தவள விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான். கோழி மாதிரி."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தழும்பு இழுக்க, சத்தமாக. அந்த மக்ரோனி நாளுக்குப் பிறகு முதல் தடவை.

பிறகு எங்கள் மொழியில் என்னிடம் சொன்னாள்: "இவ ஒருத்திதான் உள்ளதச் சொன்னா. போன் பண்ணி தேதி கேளு."

மார்ச் 28, வியாழன்

மாத்திரைக்கு முன்னால் மீன் கூடாது, கடல் உப்பு கூடாது, பால்கூடக் கூடாது. "அப்போ என்னத்ததான் திங்கிறது, மரத்தயா?" என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி.

பெரிய சிக்கல் வேறு. பதினொரு பேர், ஒரே குளியலறை. இந்த வீட்டில் ஒருத்தி எங்கே தனியாக இருப்பது? நர்ஸ் "தனி படுக்கையறையும் தனிக் கழிப்பறையும்" என்று சாதாரணமாகச் சொல்கிறாள். எல்லோருக்கும் அவளுடைய வீடு மாதிரியே வீடு இருக்கும் என்று நினைப்பு.

மார்ச் 31, ஞாயிறு

ட்வைலாவின் புருஷன் மீன் பிடிக்கப் போகும் கேம்பர் வண்டியை இழுத்து வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனான். உள்ளே படுக்கை, குட்டிக் கழிப்பறை, சுவரெல்லாம் மீன் படம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டாக்டர் வழக்கம்போல ஆரம்பித்தார். "ஹெர்டினா, இது மிகவும் பாது…"

அம்மா கையைத் தூக்கினாள். தன் சாப்பாட்டு அறை ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "அந்த வார்த்தை வேண்டாம் டாக்டர். விஷம்னு சொல்லுங்க. எவ்ளோ விஷம்னு சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வாய் உலரும், உமிழ்நீர்ச் சுரப்பி கெடலாம், பின்னாளில் வேறு புற்று வரக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, எடுக்காவிட்டால் என்ன ஆகும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கையை நீட்டினாள்.

விழுங்கும்போது நான் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். போகச் சொன்னார்கள். சொல்லியிருக்காவிட்டாலும் போயிருப்பேன் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 10, புதன்

கேம்பர் படியில் சோற்றை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு விலகி வந்தேன். நாய்க்கு வைப்பது போல. கழுத்து வீங்கியிருக்கிறதாம். ஜன்னலிலிருந்து, "உப்பு இல்லாத சோத்துக்கு எதுக்குடி கதவத் தட்டுற?"

ஏப்ரல் 12, வெள்ளி

சாப்பாட்டு அறையில் புதுப் பையன் ஒருவன், "இத எவ்ளோ நேரம் நியூக் பண்ணணும்?" என்றான். மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ட்வைலா வேகவேகமாக, "சூடு பண்ணணும், சூடு. ரெண்டு நிமிஷம்" என்றாள், மாதா கோயிலில் தும்மிவிட்டவள் போல.

எனக்கு இன்னமும் அந்த வார்த்தை பிடிக்காது. எந்தக் காலத்திலும் பிடிக்காது. பையனிடம் சொன்னேன், என் அம்மா எந்தத் தீவில் பிறந்தாள் என்று. கத்தவில்லை. அவன் தன் சோற்றை ஆறவிட்டுக் கேட்டான். பாதியில் மணி அடித்துவிட்டது. லைன் யாருக்காகவும் நிற்காது.

ட்வைலா எதிரில்தான் இருந்தாள். எழவில்லை. நானும் எழவில்லை.

ஏப்ரல் 17, புதன்

நர்ஸ் போனில் சொன்னாள்: இனி பெரியவர்கள் கிட்டப் போகலாம், பிள்ளைகள் மட்டும் இன்னும் சில நாள் தள்ளி நிற்கட்டும். வேலையிலிருந்து நான் வந்தபோது அம்மா கேம்பர் கதவைத் திறந்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள், கிட்டப் போனால் தோலை உரிப்பேன் என்று நான் மிரட்டி வைத்தபடி.

நானும் அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தேன். கால் வரவில்லை.

"நீ என்ன புள்ளையாடி?" என்றாள் அம்மா. "வா இங்க."

போனேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தாள். விடவில்லை. நானும் மூச்சை அடக்காமல் நின்றேன்.

"கோழி நாத்தம்" என்றாள். "போய்க் குளிச்சிட்டு வா."