துறையூர் போன கிட்டார்

1964 ஜூன் 6, சனி

அனல் காற்று. காலை டூட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மின்விசிறி இருந்தும் இல்லாத கதைதான். வாங்க வேண்டியது: சீயக்காய், ரிப்பன், அம்மாவுக்குத் தைலம்.

பக்கத்து போர்டில் கால் இணைக்கும் டோரிஸ், டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து மறுபடியும் பாடம் எடுத்தாள். "கிட்டாரை நெஞ்சோட அணைச்சுப் பிடி ராஜி. நாலு விரலும் வேலை செய்யணும்." அப்படித்தான் முயன்றேன். வரவே இல்லை. சின்ன வயதில் ஸ்ரீரங்கம் போய் வீணை கற்ற கை, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு நாள் எரிச்சலில் கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தினேன். தந்திகளைத் தளர்த்தி ச-ப-ச என்று சேர்த்தேன். இடது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், அவ்வளவுதான். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம் வருகிறது! வலது சுண்டுவிரல் தாளத்துக்கு. அன்று அழுதுவிட்டேன். டோரிஸ் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இன்னொரு தரம் வாசி" என்றாள்.

மாதக் கடைசி ஞாயிறு ஆபீஸ் ஆண்டு விழா. பெயர் கொடுத்தாகிவிட்டது. சேகர் அண்ணன் முன்வரிசையில் உட்காருவானாம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவனோடு வேலை பார்த்தவர் ஆஸ்திரேலியா கிளம்பும்போது விற்ற கிட்டார் இது. எனக்கென்று வாங்கி, பாலக்கரை வரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அப்பா இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பாரா, தெரியாது.

ஜூன் 9, செவ்வாய்

புழுக்கம். துறையூரிலிருந்து ஒரு வரன். அரிசி மில். ஆடிக்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று அம்மா குதிக்கிறாள். ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஏதாவது வாசிக்கச் சொல்லுவாங்க. வீணைன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றான் சேகர்.

"நம்மகிட்ட ஏதுண்ணே வீணை?"

"உன் பழைய வீணை டீச்சர் வீட்டுல இரவல் கேட்டிருக்கேன்."

"கிட்டார்னு சொன்னா என்ன?"

"முதல்ல அவங்க வந்துட்டுப் போகட்டும், ராஜி. அண்ணன் பாத்துக்கறேன்."

சரி என்றேன். நாலு இடம் போய் வருகிறவன், அவனுக்குத் தெரியாததா.

ஜூன் 14, ஞாயிறு

கேசரி. பஜ்ஜி. பச்சைப் பட்டு. ஜட்காவில் வந்து இறங்கிய வீணை. தொட்டு எத்தனையோ வருஷம், ஆனாலும் கை தடுமாறவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அலமாரி மேல் பார்த்து, "அந்தக் கிட்டார் யாருதுங்க?" என்றார் சேகரிடம்.

நான் நிமிர்ந்தேன். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"சிநேகிதன் ஒருத்தன் வச்சுட்டுப் போனதுங்க. சும்மாதான் கிடக்கு."

"என் தம்பி கத்துக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கான்."

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போங்க!"

அவனே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தான். துண்டால் தூசி தட்டினான். (தூசி ஏது? தினமும் துடைக்கிறவள் நான்.) காரில் முன் சீட்டில் வைத்துக் கொடுத்தான். பட்டுப் புடவையும் பூவுமாக உள்ளே நிற்கிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறக்கலாமா? கார் போய்விட்டது.

ஜூன் 15, திங்கள்

"பதட்டத்துல வாய் தவறிடுச்சு, அவங்க கேட்டப்புறம் எப்படி இல்லேங்கறது" என்று சேகர் கெஞ்சினான். பாவமாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்றே எழுதி வைக்கிறேன். ஆனால் ஆண்டு விழாவுக்கு என்ன செய்வேன்?

ஜூன் 17, புதன்

துறையூரிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

சேகர் சிரித்துக்கொண்டே: "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நீ அங்கதானே போகப்போறே. கிட்டாரும் அங்கதானே இருக்கு."

இதற்குச் சிரிக்க வேண்டுமாம்.

ஜூன் 19, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

மதியம் போர்டு ஓய்ந்திருந்தது. சொந்தப் பேச்சு கூடாது, பிடிபட்டால் வேலை போகும். டோரிஸ் வாசலைப் பார்த்துக்கொண்டாள். துறையூர் மில்லைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளையே எடுத்தார். மூச்சு விடாமல் சொன்னேன்: "நான் திருச்சியிலேருந்து ராஜேஸ்வரி பேசறேங்க. அந்தக் கிட்டார் என்னோடது. எனக்குத் திரும்ப வேணும்."



"உங்களோடதுன்னு தெரியும்ங்களே. நாங்க வர்றதுக்கு முந்தின நாள், சனிக்கிழமையே, உங்க அண்ணன் மில்லுக்கு வந்து சொன்னாரே. மேடை ஏறி வாசிக்கிறேன்னு நிக்கறா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, நீங்களா கேக்கற மாதிரி கேட்டு எடுத்துட்டுப் போயிருங்கன்னாரு. உங்களுக்கும் சம்மதம்னாருங்க."

"நீங்க வேணாம்னீங்களா?"

"ஐயோ, நாங்க எதுவுமே சொல்லலீங்க."

ஒருவரும் கேட்கவில்லை. இவனாகவே போய்ச் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை ஓவர்டைம் என்றுதானே போனான்! வந்ததும் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், பாவி நான். துறையூர்க்காரர்மேல் கோபம் இல்லை. ஊர்மேல்கூட இல்லை. முன்வரிசையில் உட்காருவேன் என்று வாய் நிறையச் சொன்னானே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 20, சனி

லீவு சொல்லியாயிற்று. காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன். மறுக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்." அம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். "நானே போய் வாங்கிட்டு வந்துடறேன் ராஜி."

"அதை நீ தொடாதேண்ணே."

"பின்னே?"

"நான் போறேன். டோரிஸ் கூட வர்றா."

"நிச்சயம்கூட ஆகல. பொண்ணு தானா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா ஊரு காறித் துப்பும்டி. சம்பந்தமே போயிடும்."

"போகட்டும்" என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. ஏழரை மணி பஸ்.