பீரோவுக்குள் போன ஆள்

அணுபுரம்
19-12-2003, வெள்ளிக்கிழமை

ரவி அப்பாவுக்கு, கல்யாணி எழுதுவது.

நான் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பயந்துபோவீர்கள். அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நாக்பூரில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று சின்னவன் ஹரி பேப்பரில் பார்த்துச் சொன்னான். காப்பிக் கலர் ஸ்வெட்டர் உங்கள் பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே இருக்கிறது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிரபாவதி நல்ல மருமகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரவிக்குக் கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது உப்பே போடாமல் ரசம் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இங்கே போன் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பேசும்போது ஹரி ஒரு பக்கம், ஸ்ரீதேவி ஒரு பக்கம் நின்றுகொள்கிறார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று தெரிகிறது. நீங்கள் "உம், உம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. ஆலையில் எடை மேடையில் வேலை செய்தபோது கரும்பு வண்டிக்காரர்களிடம் நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பேசிய மனுஷன் "உம்" போடுவதைக் கேட்க எனக்கு என்னவோபோல் இருக்கிறது. நான்காவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று பேனாவை எடுத்தேன்.

பாலா நன்றாக நடக்கிறான். நடக்கிறான் என்றால் ஓடுகிறான். ஸ்ரீதேவியின் ஆபீஸ் பஸ் காலையில் இருட்டோடு வருகிறது, அவள் திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போகிறான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கம்ப்யூட்டர் வேலை அப்படி. பிள்ளை என்னை ஆயா என்கிறான், சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டித் தாத்தா என்கிறான். உயிரோடு இருக்கிறவரைப் போட்டோவில் காட்டிப் பழக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். கேட்டால் தூசி தட்ட எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் என்றுதானே பேசினார்கள். பெரியவன் வீட்டில் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக வருகிறாள், அதற்கு அப்பா. சின்னவன் வீட்டில் கைக்குழந்தை, அதற்கு அம்மா. அண்ணனும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள், நீங்களும் நானும் சமையல்கட்டில் நின்றோம். அந்த ஒரு வருஷம் வருகிற தையோடு முடிகிறது. தீபாவளிக்கு ரவி போன் செய்தபோது, பேத்தி பத்தாவது முடிக்கிற வரைக்கும் இன்னும் இரண்டு வருஷம் அப்பா இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். அப்படியானால் படாளத்தில் இருக்கும் நம் வீட்டை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும், வாடகைக்கு விட்டுவிடலாம் என்று இவன் சொல்லியிருக்கிறான். ஒரு வாத்தியார் குடும்பம் பொங்கல் கழிந்து குடிவருமாம். உங்களைக் கேட்டதற்கு "உங்க இஷ்டம்" என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். அது நீங்கள் சொன்னதா, அவர்களாகச் சொல்வதா? என்னை யாரும் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே டவுன்ஷிப் ஹாலில் நாடகம் போட்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி. ஸ்ரீதேவி தன் சிநேகிதிகளோடு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஹரி பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே நின்றான். நான் பின்வரிசையில் பக்கத்து வீட்டு ஷபானாவோடு உட்கார்ந்தேன். என் வலது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஒரு அம்மாள் வந்து இங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே, ஆமாம், என் வீட்டுக்காரர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்ன செய்வது, துணிப்பையை அந்த நாற்காலியில் வைத்தேன். நாடகம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. ஹாலில் எத்தனையோ பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். எடுக்கவில்லை.

நீங்கள் நாக்பூரில் இருப்பது ஷபானாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெண் இடைவேளையில் வெளியே போய் டீ வாங்கி வந்தாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இன்னொன்றை அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். எதற்கம்மா என்று கேட்டதற்கு, "பெரிப்பா வந்து குடிப்பாரு, இருக்கட்டும் பெரிம்மா. ஆறிப்போச்சுன்னு என்னாண்ட சண்டைக்கி வரக்கூடாது பாரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு மேலேயும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அந்த டீ ஆறி ஏடு கட்டிப்போனது.

அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் நாம் பார்த்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஆலையிலிருந்து ரிடையர் ஆன வருஷம். தேவசகாயம் அண்ணன் ரோஜா மாலையும் சால்வையும் போட்டு, கூடவே மெட்ராஸ் நாடகத்துக்கு இரண்டு டிக்கெட்டைக் கவரில் வைத்துக் கொடுத்தாரே, இதுவரைக்கும் அண்ணியை எங்கேயும் கூட்டிப்போனதில்லை, இப்போதாவது போங்கள் என்று. அவர் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதில் உங்களுக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம்.

மெட்ராஸ் போகிறோம் என்றதும் என் மாந்தளிர் நிறப் பட்டுப் புடவையைத் தேடினேன். அது உங்கள் தங்கை வீட்டில் இருந்தது. செங்கல்பட்டில் ஏதோ காதுகுத்துக்குக் கட்டிக்கொண்டு தருகிறேன் என்று வாங்கிப் போனவள். காது குத்திய பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது, புடவை இன்னும் வரவில்லை. அதனால்தான் மெட்ராஸைச் சாதாரண நூல் புடவையில் பார்த்தேன். இதை உங்கள் தங்கையிடம் நீங்கள் சொல்லலாம். சொல்ல மாட்டீர்கள்.

எழும்பூரில் இறங்கியதிலிருந்து நீங்கள் முன்னால் போனீர்கள், நான் பின்னால் வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், உங்கள் முகத்தைவிட முதுகைத்தான் எனக்கு அதிகம் தெரியும். மியூசியத்தில் அந்தப் பெரிய திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தபோதுதான் பக்கத்தில் நான் இல்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தீர்கள். நான் வாசல் பக்கம் ஒரு கல் தூணில் சாய்ந்து நின்றேன். செருப்பு கடித்தது. நீங்கள் வந்து என் செருப்பைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் மெதுவாக நடந்தீர்கள். பெரிதாக இல்லை, கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்தது.

பிறகு கடற்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். திருவிடந்தையில் பிறந்து, கடல் இரைச்சலில் தூங்கி வளர்ந்தவளை மெரினாவில் கொண்டுபோய் நிறுத்திக் கடலைப் பார் என்றீர்கள். எங்கள் ஊரில் இல்லாத கடலா, இதற்கா இவ்வளவு தூரம் என்று கேட்டேன். நீங்கள் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "அது உங்கூரு கடலு. இது நான் காட்டுற கடலு" என்றீர்கள். அந்தப் பேச்சுக்கு அப்போது நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போதும் சாயந்திரத்தில் ஷபானாவோடு கல்பாக்கம் பக்கம் கடலைப் பார்க்கப் போனால், இது யார் காட்டுகிற கடல் என்று ஒரு நினைப்பு வருகிறது.

சாயந்திரம் நாடகம். இரண்டு டிக்கெட்டும் உங்கள் சட்டைப் பையில். வாசலில் ஒரு ஆள் அதை வாங்கிக் கிழித்துக் கொடுத்தான். உள்ளே போனதும் நம் ஊர் கூத்தில் எப்படியோ அப்படியே செய்தோம். அங்கே நடுவில் கயிறு கட்டியிருக்கும், அந்தப் பக்கம் ஆம்பளைகள், இந்தப் பக்கம் பொம்பளைகள். இங்கே கயிறு இல்லை, நடுவில் நடைபாதை இருந்தது. இடது பக்கம் நாலு பொம்பளைகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், நான் போய் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீங்கள் வலது பக்கம் வேட்டி கட்டிய ஆட்கள் இருந்த வரிசைக்குப் போனீர்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள். கூட்டமும் அவ்வளவாக இல்லை, யாரும் வந்து எழுப்பவில்லை.

நாடகம் ஆரம்பித்தது. சிரிப்பு நாடகம். நீங்கள் சிரித்தீர்கள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை என்பதை அன்றைக்கே சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. மேடை வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்தது. நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். நம் வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் மாமியார் இருந்த வரைக்கும் யாரும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, அவர் போன பிறகு நமக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு நடைபாதைக்கு அந்தப் பக்கம் என் புருஷன் இப்படியெல்லாம் சிரிக்கிறார், இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் ஒரு ஆள் வந்தான். "இன்னாமா, உன் சீட்டு நம்பரு இன்னா?" என்றான். டிக்கெட் வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்றேன். அவர் எங்கே என்றான். ஆம்பளைகள் பக்கம் என்று கையைக் காட்டினேன். "இங்க ஆம்பள பக்கம் பொம்பள பக்கம்லாம் கெடையாது ஆயா, ஜோடியா குந்தத்தான் டிக்கெட்டே குட்துகீறாங்க" என்று சிரித்தான். எனக்கு அப்போது ஒரு நரைகூட இல்லை. ஆயா என்று கூப்பிட்ட அந்த மனுஷனை இன்றைக்கு வழியில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அவன் என்னை நடைபாதை வழியாக எல்லாரும் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் பக்கத்தில் உட்காரவைத்தான். உங்களையும் சேர்த்துச் சொன்னான், "பெர்சு, பொண்டாட்டிய வுட்டுட்டு இன்னா தனியா சிரிச்சிகினு கீற" என்று. முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் காது சிவந்துபோனது.

துணிப்பையை நம் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தீர்கள். விளக்கை அணைத்த பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஏசிக் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. உங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டீர்கள், என்னைப் பார்க்காமல், மேடையைப் பார்த்துக்கொண்டே. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்ததற்குப் பிறகு நாலு பேர் நடுவில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மேடையில் பீரோ திறந்து ஒரு கிழவர் வெளியே வந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்கதை எனக்குத் தெரியாதே. அந்த ஆள் எதற்குப் பீரோவுக்குள் போனான் என்று கேட்டேன். "இப்போ பாரு, அப்பால சொல்றேன்" என்றீர்கள்.

சொன்னபடி சொன்னீர்கள். திரும்பி வரும்போது மாம்பலத்தில் எலக்ட்ரிக் ரயில் ஏறியதிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும், நான் பார்க்காத பாதியை முழுசாக நடித்துக் காட்டினீர்கள். கிழவர் மாதிரி, அவர் மருமகன் மாதிரி, அந்த வேலைக்காரி மாதிரிகூடக் குரல் மாற்றினீர்கள். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கதை முடியவில்லை என்று கூடுவாஞ்சேரியில் இறங்க மனமில்லாமல் இறங்கினாள். மேடையில் பார்த்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அதற்குப் பிறகும் கரண்ட் போகிற நேரமெல்லாம் நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள்.

இதை எல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாமாகப் போய்த் தனித்தனியே உட்கார்ந்தோம், கைகாட்டிச் சொல்ல ஒரு ஆள் வந்தான். இப்போது நம் பிள்ளைகளே ஒருவரை அந்தப் பக்கமும் ஒருவரை இந்தப் பக்கமும் உட்காரவைத்திருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. நாம் வாய் திறக்காமல் இருந்தால் நமக்கு இதுவே சௌகரியம் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுந்து வந்து உட்காரச் சொல்ல இந்தத் தடவை யாரும் வரமாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த வாத்தியாரும் அவர் சம்சாரமும் வீட்டைப் பார்க்கப் படாளம் வந்தார்கள். ஹரி என்னையும் கூட்டிப்போனான். நல்ல மாதிரியான ஜனங்கள். வீடு காலியில்லை, பொங்கலுக்கு வீட்டுக்காரர் வருகிறார் என்று நான் சொல்லிவிட்டேன். ஹரி என்னைப் பார்த்தபடியே நின்றான்.  பாலாவை வாரத்தில் ஐந்து நாள் நான் படாளத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், ஆலமரத்து ஸ்டாப்பில் இறங்கினால் வீடு என்று ராத்திரி சாப்பாடு போடும்போது ஸ்ரீதேவியிடம் சொன்னேன். அவள் யோசிக்கிறேன் என்றாள். ரவியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். "உம்" என்று சொன்னால் போதாது. பேத்தி பெரியவளாகிவிட்டாள், பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறக்க அவளுக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எந்த வண்டி, என்றைக்கு என்று மட்டும் ஷபானா வீட்டுப் போனில் சொல்லுங்கள். பாதையோரத்து இடமாகக் கேட்டு வாங்குங்கள், ராத்திரியில் எழுந்து போக வசதி. ஸ்வெட்டரை ரயிலில் கழற்றாதீர்கள்.

என் ஞாபகம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உப்பில்லாத ரசம் ஞாபகம் இருக்கிறது, வராத புடவை ஞாபகம் இருக்கிறது, என்னை ஆயா என்றவன் முகம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் எதற்குப் பீரோவுக்குள் போனான் என்பது மட்டும் இப்போது சுத்தமாக மறந்துபோய்விட்டது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

படாளம் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருக்கும்,
கல்யாணி