மூன்றாம் ஓலைக்கு முன்னால்

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட் வாசம். பக்கத்து நாற்காலிகளில் ஒரு பெண்ணும் பையனும். அடுத்த மாதம் கல்யாணமாம், அதற்கு முன் ரத்தம் பார்க்க வந்திருந்தார்கள். "நீ மொதல்ல குத்திக்க, நான் செத்த நேரத்துல வாரேன்," என்று அவன் நழுவ, "பயந்தாங்கொள்ளி!" என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் உன்னை நினைத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நாம் எம்.ஏ. முடித்த கையோடு உனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சாணார்பட்டிப் பக்கம், சொந்த லாரி, நல்ல குடும்பம். அதற்குக் கொஞ்சம் முன்புதான் உங்கள் தெருவுக்கு வாழ வந்த பெண் ஒருத்தி, புருஷன் செத்த சில மாதங்களில் தானும் செத்தாள். மஞ்சள் காமாலை என்றது ஊர். ஆனால் உடலைக் குளிப்பாட்ட ஒருவரும் கிட்டே போகவில்லை. நீயும் உன் அம்மாவும்தான் போனீர்கள். எய்ட்ஸ் என்ற சொல் எல்லார் மனதிலும் இருந்தது, யார் வாயிலும் இல்லை. ஹாஸ்டலில் விடிய விடியக் காதல் பேசிய நாமும் அதைப் பேசியதில்லை.

கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது உங்கள் கத்தோலிக்க வழக்கம். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள், பந்தல் பற்றிப் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நானும் உன் வீட்டில் இருந்தேன். காபி கொடுத்துவிட்டு நீ உள்ளே போகவில்லை.

"கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பேரும் எய்ட்ஸ் டெஸ்ட் எடுத்துரணும்."

மாப்பிள்ளையின் அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "லாரி ஓட்டுறவன்னா அம்புட்டு எளக்காரமா?"

"லாரிக்காகக் கேக்கலைங்க மதினி. டாக்டரா இருந்தாலும் கேட்டிருப்பேன்."

உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளப்புள்ள கேக்குற கேள்வியாடி இது?"

"சாமியார் மூணு வாரம் ஊரையே கேக்குறாரு அத்தை. நான் ஒரு தடவ கேக்கக் கூடாதா?"

நான் உன் முந்தானையை இழுத்து, "விடுடி, கல்யாணம் நின்னுரும்," என்றேன்.

"நின்னா நிக்கட்டும். நான் இருப்பேன்ல?"

அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். "நீங்க எடுத்துட்டீங்களா?"

"நேத்தே எடுத்துட்டேன்."

"ஊசி வலிச்சுச்சா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"அப்பச் சரி. நானும் போயி எடுத்துக்கிறேன்."

ஓலை ஒரு வாரம் தள்ளிப்போனது. உனக்கு என்ன வியாதியோ என்றுகூடத் தெருவில் பேசினார்கள். உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் மூன்றாம் ஓலை வாசித்தார்கள்.

அதைவிட என்னை அசத்தியது பின்னால் நடந்தது. மறு வருடம் உன் அத்தை தன் மகளுக்குச் சம்பந்தம் பேசினார். நாம் இருவரும் அங்கேதான் இருந்தோம். தாம்பூலத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "மாப்பிள்ளை ரத்தம் பாத்துட்டு வரணும். எங்க வீட்டுல அப்படித்தான் வழக்கம்."

நீ அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. வழக்கம் ஒன்று பிறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை நான். கருத்தரங்குகளும் சுவரொட்டிகளும் ஊரை மாற்றும் என்று இன்றும் நம்பவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும் இடங்களில், நடுவில் நின்ற உன் முகம் எனக்குத் தெரிகிறது. உன்னைப் போல எழுந்து நிற்க இன்னும் வரவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டுவிடுகிறேன்.