பாட்டு நின்ற இடைவெளி

கடத்தூர், சனிக்கிழமை இரவு.

சாயங்காலம் நெதர்லாந்திலிருந்து மகள் ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிட்டாள். முகத்தைக் காட்டாமல் கடைவீதியில் நின்ற தெரு ஆர்கனையே காட்டினாள். ஒருவர் சக்கரத்தைச் சுற்றினார். ஓட்டை போட்ட அட்டை மடிப்பு மடிப்பாக உள்ளே போக, குழாய்களில் காற்று ஏறிப் பாடியது. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவன் நான். விடாமல் கேள்வி கேட்டேன். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அட்டை மாற்றப் பாட்டை நிறுத்தினார்கள். அப்போதுதான் அவள் அழுவது கேட்டது.

"கரு கலைஞ்சிருச்சுங்கப்பா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மறுபடி பாட்டு தொடங்கிவிட்டது. நான் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

என் மனைவி மேரி சமையலறையிலிருந்து வந்து, "புள்ள என்ன சொன்னா?" என்றாள்.

"அங்க ஒரு பாட்டுப் பெட்டிய காட்டுனா," என்றேன்.

மகளின் பேறுகாலத்துக்குப் போக மேரி பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் பூசை முடிந்ததும் சொல்ல வேண்டும்.