ரோட்டுக்கும் மாமாவுக்கும் நடுவில் உன் வரப்பு

அன்பு மகள் சின்னக்கண்ணுவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, என் முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது. நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா, ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் வீட்டுக்கு வந்தாவது காலை நீட்டி உட்காருகிறாயா என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்குப் பதில் எழுது, மற்றதற்கு அப்புறம் எழுதலாம். போனில் நீ "விட்டுடேன்மா, மாமாதானே, பாவம்" என்று சொன்னதும் நான் பட்டென்று வைத்துவிட்டேன், உனக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும். உன்மேல் கோபம் இல்லை கண்ணு. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார், அவர் காதுபடப் பேசக்கூடாத பேச்சு இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மாமா உன்னிடம் அழுதானாம், சொன்னாய். அவர் என்று எழுத எனக்கு இப்போது கை வரவில்லை, கூடப்பிறந்தவன்தானே, அவன் என்றே எழுதுகிறேன். அவன் அழுதது எனக்குத் தெரியும். ஆனால் எதற்கு அழுதான் என்பதில் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருப்பான்.

நம் நிலம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா வாரத்துக்கு உழுத ஆள். உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது நிலக்காரர் ஆள் வைத்து மிரட்டியும் ஊரை விட்டுப் போகாமல் நின்று வாங்கிய பூமி அது. தாத்தா போனபின் நல்ல மண்ணாக இருந்த மேட்டுப் பாதியை அண்ணன் எடுத்துக்கொண்டான், கல்லும் களர்மண்ணுமாகக் கிடந்த வாய்க்கால் பக்கத்துப் பாதியை எனக்குத் தள்ளினான். நானும் வாய் திறக்கவில்லை. அப்பாதான் அதில் கிணறு வெட்டினார். பாறையை உடைத்து உடைத்து, தண்ணீர் கண்ட அன்றைக்கு உள்ளே இருந்தபடியே அவர் போட்ட சத்தத்தில் நான் பாறை சரிந்துவிட்டதென்று பயந்து ஓடினேன். அதற்குப்பின் கத்திரி என்ன, வெண்டை என்ன, வெங்காயம் என்ன, அந்தக் களர்தான் உன்னைப் படிக்க வைத்தது. மாமா வீட்டில் பம்பு ரிப்பேரான கோடையெல்லாம் அவன் குடும்பமே நம் கிணற்றில்தான் குளித்தது, குடித்தது. அதையும் நான் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதுதான் சொல்லுகிறேன்.

நகர விரிவாக்கத் திட்டம் என்று வந்தது பார், அங்கேதான் ஆரம்பம். நிலம் வைத்திருப்பவர்கள் சார்பில் கமிட்டியில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், நாலு எழுத்துப் படித்தவன், பேசத் தெரிந்தவன் என்று எல்லோருமாகச் சேர்ந்து மாமாவை அனுப்பினோம், நானும்தான் கைதூக்கினேன். சுற்றுச்சாலை வாய்க்கால் கரையோடு, ஒன்றும் விளையாத புறம்போக்கு வழியாகப் போகும் என்று முதலில் சொன்னார்கள். கருத்துக் கேட்கிறோம் வாருங்கள் என்று கூப்பிட்ட அன்றைக்குப் போனால், ஆபீஸ் ஹாலில் சுவர் அகலத்துக்குப் படம் மாட்டியிருக்கிறது, பச்சை விவசாயம், மஞ்சள் வீடு, சிவப்பு கடை என்று கலர் கலராக, அதில் கறுப்புக் கோடு நேராக வந்து நம்மிடம் வந்தவுடன் இடுப்பை வளைத்து நம் வயலுக்குள் இறங்குகிறது. மாமா நிலத்தை ஒட்டினாற்போல் போய் மறுபடியும் நேராகிவிடுகிறது. நேற்றுவரை பச்சையாக இருந்த அவன் நிலம் மஞ்சளாகிவிட்டது. ஏன் சார் இங்கே மட்டும் வளைவு என்று கேட்டேன், மண் பரிசோதனை என்றார் அதிகாரி. மாமா மேடையில் அவர்களோடு உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், கிணத்தை மட்டுமாவது காப்பாத்திக் குடுங்க" என்று கெஞ்சினார். உன் அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவன் என்ன சொன்னான் தெரியுமா, "மாப்பிள்ளை, படம் அச்சாயிடுச்சு, நானா கோடு போட்டேன்? உங்களுக்காவது நஷ்டஈடு வரும், எனக்கு என்ன வரும் சொல்லுங்க" என்றான். அப்பாவித்தனமாகத்தான் சொன்னான், நாங்களும் நம்பிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தபின்னும் அப்பா, பாவம் அவர் என்ன பண்ணுவார் என்றுதான் சொன்னார்.

மண் தள்ளும் வண்டி வந்து கிணற்றை மூடிய அன்றைக்கு அப்பா சட்டை போடாமல் வரப்பிலேயே நின்றார். கூப்பிட்டால் வரவில்லை. மூடி முடித்து வண்டிக்காரன் கிளம்பும்போது அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான், அதற்குப்பின் பல மாதம் அவர் பேச்சு உம், ஊகூம் என்பதோடு நின்றுவிட்டது. இதை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது அந்த ரோட்டோரத்து டைல்ஸ் கிடங்கில் பகல் காவலுக்கு நிற்கிறாரே, சும்மா பொழுதுபோக்குக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னாரே, ரோட்டுக்குப் போக மிஞ்சியதை விற்றோமே, அந்த இடம் நம் வெங்காய வயலின் தலைமாடு. யூனிபார்ம் சட்டை இரண்டு ஆள் அளவுக்குத் தைத்தது, நான் பிடித்துத் தைத்துக் கொடுத்தும் தொங்குகிறது. சொந்த வயலில் கேட் திறந்துவிடுகிற வேலை. அவருக்கு வருத்தம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

அதற்குப்பின் மாமா தன் நிலத்தைச் சமன் பண்ணி, குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்களை வெளியே அனுப்பிவிட்டு, மனைகளாகப் பிரித்தான். திறப்பு விழா வைத்தான். பந்தல், நாற்காலி, மைக். எனக்கு அழைப்பு இல்லை, நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு நின்றேன். மைக்கைப் பிடித்துச் சொல்லுகிறான், "இந்த ரோடு சும்மா வந்துடல. வாய்க்கா ஓரமாப் போக வேண்டியதை நான் கமிட்டியில உட்காந்து இழுத்துட்டு வந்தேன்" என்று. கூட்டம் கைதட்டுகிறது. கண்ணு, எனக்கு அப்போது அழுகை வரவில்லை. ஒரு தெளிவு வந்தது பார், பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி. தழையை அங்கேயே போட்டுவிட்டு நேராகச் சர்வே ஆபீசுக்குப் போனேன்.

உன் வரப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வருஷா வருஷம் மாமா உழும்போது நம் எல்லை வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறான் என்று அப்பா அந்த ஓரத்தை நீளவாக்கில் தனியாகப் பிரித்து என்னை உன் பெயருக்கு எழுத வைத்தார். மருமகள் சொத்தைத் தின்ன அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், நீகூட, என்னப்பா எனக்கு நடக்கத்தான் இடம் தருவீங்களா, உட்கார இடம் இல்லையா என்று கேலி பண்ணினாய். அது தனிப் பட்டா, தனி சர்வே எண். ரோட்டுக்கு எடுத்தது என் எண்ணை மட்டும்தான். கோடு போடச் சொன்னவன் என் நிலம் அவன் எல்லைவரை வருகிறது என்று நினைத்தான், நடுவில் நீ இருப்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது. அவன் லாரிகள் இத்தனை நாளும் உன் வரப்பின்மேல்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சர்வேயர் டேப்பைப் பிடித்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அளந்து கல் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, ரோட்டுக்கும் அவருக்கும் நடுவுல முழு நீளத்துக்கும் உங்க பொண்ணு நிக்கிறாங்க, அவங்களைத் தாண்டாம அவர் ரோட்டுல கால் வைக்க முடியாது" என்றார்.

அன்றைக்கே கம்பி வாங்கி அடித்தேன். கம்பிக்குப் பின்னால் சப்பாத்திக்கள்ளி நட்டேன், அது தண்ணீர் கேட்காது, கோபித்துக்கொள்ளாது, எனக்குப் பிடித்த செடி. மனை பார்க்க வந்தவர்கள் கார் எல்லாம் ரோட்டிலேயே நின்றன. வழியில்லாத மனைக்கு அங்கீகாரம் கிடையாது என்று அதே திட்ட ஆபீஸ் அவனுக்குச் சொல்லிவிட்டது. வரப்பைப் பொதுவழியாக எடுத்துக் கொடுங்கள் என்று போய் நின்றானாம், அடுத்த திட்டத்தில் பார்க்கலாம், இப்போது படம் அச்சாகிவிட்டதே என்றார்களாம். இதைக் கேட்ட அன்றைக்கு நான் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். முன்பணம் கொடுத்தவர்கள் காலையில் எழுந்ததும் அவன் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். காரை விற்றுவிட்டான். பெரிய போர்டை இறக்கிவிட்டான், அந்தத் தகரம் இப்போது யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கூரையாக இருக்கிறது. அவன் வெளியே தள்ளிய குத்தகைக் குடும்பங்கள் ஒருநாள் வந்து, "அக்கா, ரோட்டோரமா உட்காந்து காய் வித்துக்கட்டுமா" என்று கேட்டார்கள். தாராளமாக உட்காருங்கள் என்றேன். உன் இடத்தில், உன் அனுமதி கேட்காமல், தவறுதான், கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். கம்பிக்கு ரோட்டுப் பக்கமாக வரிசையாகச் சாக்கு விரித்துத் தக்காளியும் வெண்டையும் விற்கிறார்கள், வண்டிகள் நின்று வாங்கிப் போகின்றன, எல்லோர் முதுகும் மாமாவைப் பார்த்து இருக்கிறது.

வழி கேட்டு முதலில் உன் அத்தை, அவன் பெண்டாட்டி வந்தாள், என் மடியில் தலையை வைத்து அழுதாள், அவளுக்காக மனசு இளகியது, காபி போட்டுக் கொடுத்தேன், வழி கொடுக்கவில்லை. அப்புறம் வார்டு மெம்பர் வந்தார். அப்புறம் உனக்குப் போன். போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். நல்ல வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒரு வண்டி போற அளவு விடும்மா, உன் காலில வேணா விழறேன்" என்றான். இளைத்துப்போயிருக்கிறான், மறைக்கவில்லை, எனக்கும் தெரிந்தது. நான் சொன்னேன், "காலில எல்லாம் விழ வேண்டாம் அண்ணா. ரோட்டுக்கு வா. எங்க கிணறு இருந்த இடத்துல போய் நில்லு. நீ சரியா நின்னுட்டா இப்பவே கம்பியைப் பிடுங்கிடறேன்" என்று. மெய்யாகத்தான் சொன்னேன் கண்ணு, நின்றிருந்தால் பிடுங்கியிருப்பேன். வாய்க்கால்வழியாகச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். நடக்கிறான், நிற்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான், இந்தப் பக்கம் பார்க்கிறான், எல்லாம் ஒரே தார். எத்தனை கோடை குடித்த தண்ணீர் அது. காய் விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு இடத்தில் நின்று, இங்கேதானே என்றான். அது எரு கொட்டி வைத்த இடம். இல்லை என்றேன். மறுபடி தேடினான். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, அவன் குனிந்து தாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் கூப்பிடவில்லை. இதை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. கிடங்கு கேட்டிலிருந்து அப்பா ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டார். இரண்டு பேரும் மூச்சு வாங்க மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தன் தண்ணீர் பாட்டிலை அவனுக்குக் கொடுத்தார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் இல்லாத அளவுக்குப் பேசினார். "வழியை விட்டுடு. எனக்கு அவர்மேல ஒண்ணும் இல்ல. கிணறு என்னோடது, நானே மறந்துட்டேன், உனக்கு என்ன" என்றார். மறந்தவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாதா. சாப்பாடு எடுத்து வைத்தேன், முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கியது, தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் கண்ணு, உன்னிடம் கேட்கிறேன். இடம் உன் பெயரில், கையெழுத்து உன்னுடையது, நீ போட்டால் என்னால் தடுக்க முடியாது. மாமா கூரியரில் பத்திரம் அனுப்பியிருக்கிறான், இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்தாலும் வந்துவிடும். கையெழுத்துப் போடாதே. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள், பரவாயில்லை, உன் அத்தையும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு, எனக்கு அதில் பெருமைதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் நல்லவர்களாக இருந்தால் போதும். என்னை இப்படியே விட்டுவிடுங்கள்.

குளிர் காலத்துக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், பழையதையே ஒட்டுப்போட்டுக்கொண்டு திரியாதே. கண் எரிகிறது என்றாயே, டாக்டரைப் பார்த்தாயா? நர்சுக்கு நோய் வராது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அப்பாவிடம் போனில் பேசும்போது ரோட்டைப் பற்றி எடுக்காதே, கிடங்கில் குட்டி போட்ட பூனையைப் பற்றிக் கேள், அதைப் பற்றி மட்டும் நிறையப் பேசுகிறார். எங்கே இருந்தாலும் உன் காலடியில் மண் உறுதியாக இருக்கட்டும், உன்னிடம் வருகிற நோயாளி எல்லாம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். கூரியர் வந்தால் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டுவிடு.

உன்மேல் உயிராக இருக்கிற,
அம்மா